தாழிக்குள் ஒரு பிடி நெல்

(பண்டைய மக்களின் சமய நம்பிக்கைகளையும் சடங்குகளையும் வகுப்பறையில் கற்பிப்பது குறித்து, ஆர்.கே.பேட்டையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்திருக்கும் கூட்டம் இது. ஆகவே இரு தரப்புக்கும் பயன்படும் ஒரு செய்தியைப் பேச விரும்புகிறேன்.

வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளைக் கற்பிப்பது எளிது. அரசர்களின் பெயரைக் கற்பிப்பதும் எளிது. பழங்கால மக்கள் எதை நம்பினார்கள், இறந்தவர்களை என்ன செய்தார்கள், தெய்வத்துக்கு எதைப் படைத்தார்கள் என்ற பகுதி வரும்போதுதான் நமக்குக் கை நடுங்குகிறது. இரண்டு வகையில் அதைக் கடந்துவிடுகிறோம். ஒன்று, "அது மூடநம்பிக்கை, அறியாத காலம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அல்லது, "அன்றே நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்" என்று பெருமையில் முடித்துவிடுகிறோம். இரண்டிலுமே பிள்ளைகள் யோசிப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் வழி மூன்று கேள்விகள். மண்ணில் என்ன கிடைத்தது? அதைக் கொண்டு எதை ஊகிக்கலாம்? எதைச் சொல்ல முடியாது? கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, 'கிடைத்தது', 'ஊகிப்பது', 'தெரியாதது' என்று எழுதிவிடுவேன். பாடம் முடியும்வரை அந்தக் கோடுகளை அழிப்பதில்லை.

மண் சொல்வது என்ன?

நம் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். கொற்றலையாற்றுக் கரையில் உள்ள அத்திரம்பாக்கத்தை எல்லோரும் அறிவோம். 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டறிந்த இடம். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. அவ்வளவு பழமை இருந்தும், அந்தக் கற்கருவிகள் அம்மக்களின் வேலையைச் சொல்கின்றன, வேண்டுதலைச் சொல்வதில்லை. ஆகவே அத்திரம்பாக்கத்துக்கு நம் மூன்றாவது கட்டம்தான் பெரிதாக இருக்கும். இதைப் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

நம்பிக்கையைப் பற்றி மண் பேசத் தொடங்குவது ஈமச்சின்னங்களில். இதே மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் அமிர்தமங்கலத்தில் 1950களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்து முதுமக்கள் தாழிகளைக் கண்டது. திருப்பெரும்புதூர்ப் பக்கத்துக் குன்னத்தூரிலும், மதுராந்தகம் அருகில் சாணூரிலும் கல்வட்டங்களுக்கு நடுவே சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. ஈமப்பேழை என்பது நீண்ட தொட்டி போன்றது. அடியில் வரிசையாகக் கால்கள் இருக்கும். படம் காட்டினால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட, "சார், இதுக்கு எதுக்குக் கால்?" என்று கேட்கும். அது நல்ல கேள்வி. மூன்றாவது கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

தெற்கே ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழாய்வு செய்தார். தாழிகளோடு பொன்னாலான நெற்றிப்பட்டங்களும், வெண்கலப் பொருள்களும், இரும்புக் கருவிகளும் கிடைத்தன. நெல் உமியும் தினை வகை உமியும் இருந்தன. அதே தாமிரபரணிப் பகுதியில் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. பழனி அருகே பொருந்தலில் ஓர் ஈமக்குழியில், நான்கு கால் கொண்ட ஜாடிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. பேராசிரியர் கா.ராஜன் குழுவினர் கண்டது அது.

இப்போது மூன்று கட்டங்களையும் நிரப்பலாம். கிடைத்தது: எலும்பு, பானை, இரும்பு, நெல். ஊகிப்பது: இறந்தவருக்கு நெல் வேண்டும் என்று உயிரோடிருந்தவர்கள் நினைத்திருக்கிறார்கள், மரணத்தோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்ற எண்ணம் இருந்திருக்கலாம். தெரியாதது: அந்த நெல் வழிச்சோறா, விதைநெல்லா, கடைசி மரியாதையா? தாழிக்குள் எந்த விளக்கமும் எழுதி வைக்கப்படவில்லை.

ஒரே சடங்கு, நான்கு காரணங்கள்

இந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பாட்டியின் கருமாதி முடிந்து பள்ளிக்கு வந்தாள். தாழியில் நெல் கிடைத்த செய்தியைத் தோழி சொல்லக் கேட்டுவிட்டு, "சார், பாட்டி வாயில நாங்க அரிசி போட்டோம். அதுவும் இதுவும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள்.

"இருக்கலாம்மா. ஆனா நடுவுல 3,000 வருஷம் இருக்கு. முதல்ல, நீங்க ஏன் போட்டீங்கன்னு வீட்ல கேட்டுட்டு வா" என்றேன். வகுப்பில் விருப்பம் உள்ள மற்றவர்களும் கேட்டு வந்தார்கள். "போற வழியில பசிக்கக் கூடாது" என்று ஒரு வீட்டில் சொன்னார்களாம். "சாப்பாடு போட்டு வளர்த்த கடனைத் தீர்க்கிறோம்" என்றார் ஒரு தாத்தா. "எங்கப்பா செஞ்சாரு, நான் செய்யறேன்" என்றார் இன்னொருவர். "அதெல்லாம் தெரியாது, செய்யணும்" என்று ஒரு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. அங்கே 'பெத்த கர்மம்' என்று சொல்லி, செய்முறையில் வேறு சில நுட்பங்களையும் சேர்த்துச் சொன்னார்கள்.

பிள்ளைகளே அதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். உயிரோடு நம் எதிரில் இருப்பவர்களே ஒரே சடங்குக்கு நான்கு காரணம் சொல்கிறார்கள். அப்படியிருக்க, 3,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்களுக்கு நாம் ஒரே காரணத்தை எப்படி எழுதிவைப்பது? இந்த ஒரு கேள்வி பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால், வரலாறு என்பது மனப்பாடம் அல்ல என்பதை நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து கிடைக்கும்போது

எழுத்துச் சான்று சேரும்போது ஊகம் கொஞ்சம் உறுதிப்படுகிறது. புறநானூற்றில் 228ஆம் பாடலும் 256ஆம் பாடலும் தாழி வனையும் குயவரைப் பார்த்துப் பேசுகின்றன. முதலாவது, சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் பாடியது. அவ்வளவு பெரிய புகழுடையவனுக்கு ஏற்ற தாழியை உன்னால் எப்படி வனைய முடியும் என்று கேட்கிறது. இரண்டாவதில், துணையை இழந்த ஒரு பெண், தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்கிறாள். மண்ணுக்குள் வெறும் பானையாகக் கிடந்த தாழிக்கு இந்தப் பாடல்களில் ஒரு குரல் கிடைக்கிறது. தமிழாசிரியரும் சமூக அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்த வேண்டிய பாடம் இது.

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் நகரத்துச் சுடுகாட்டில் ஐந்து முறைகளை அது வரிசையாகச் சொல்கிறது. எரிப்பவர்கள், அப்படியே இட்டுச் செல்பவர்கள், குழி தோண்டிப் புதைப்பவர்கள், நிலவறையில் அடைப்பவர்கள், தாழியால் மூடுபவர்கள். ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று இந்த இடத்தில் சாத்தனார் தரம் பிரிக்கவில்லை. அதே காதை, இறந்தவர்களுக்கு எழுப்பிய நினைவுக் கோட்டங்கள் வருணப்படி வேறுவேறாக நின்றதையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் பெருமையாகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால் வசையாகிவிடும்.

இந்தச் செய்தி நம் வகுப்பறைக்கு ஏன் அவசியம் என்பது உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகளில் எரிக்கும் வீடும் உண்டு, புதைக்கும் வீடும் உண்டு. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைக்கு மெழுகுவத்தி எடுத்துச் செல்பவர்களும் உண்டு, கபருக்குப் போய்வருபவர்களும் உண்டு. ஊருக்கு ஊர் சுடுகாடும் இடுகாடும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பது நம்மைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "நாகரிகம் இல்லாதவர்கள் புதைத்தார்கள், பிறகு நாகரிகம் வந்து எரித்தார்கள்" என்று போகிறபோக்கில் ஓர் ஆசிரியர் சொல்லிவிட்டால், அது உண்மையும் அல்ல. கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளையை அது தலைகுனியவும் வைத்துவிடும்.

நடுகல்லும் இதே பாடத்தில் சேரும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று நடுகல் வழிபாட்டின் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி வாழ்த்திப் பாடுவதுவரை. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டறிந்த நடுகற்களில் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்தபோது இறந்தவனைத் தமிழி எழுத்தில் குறிப்பிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்வர்களைக் கடித்து நின்றதாகக் கல்வெட்டே சொல்கிறது. மூன்றாம் வகுப்பில் நடுகல்லை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் வேண்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் பல நடுகற்கள் இன்றும் வேடியப்பனாகப் பூசை பெறுகின்றன. பழைய நம்பிக்கை என்று நாம் பாடம் நடத்துவது, சில ஊர்களில் இன்றும் மாலை நேரத்தில் விளக்கேற்றும் இடமாக இருக்கிறது.

கடல் கடந்து ஓர் ஒப்பீடு

இதே அளவுகோலைப் பிறர்மீது வைக்கும்போதுதான் நாம் நேர்மையாக இருக்கிறோமா என்பது தெரியும். கொலம்பஸ் பாடம் வந்தால் மாயர்களைப் பற்றிக் கேள்வி வரும். மெக்சிகோவின் தென்பகுதி, குவாத்தமாலா, பெலிஸ், ஹோண்டுராஸ் நிலங்களில் கோயில் நகரங்களைக் கட்டியவர்கள் மாயர்கள். பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து, "சார், அவங்க மனுஷங்களையே பலி கொடுப்பாங்களாமே?" என்பார்கள். ஆம், கொடுத்திருக்கிறார்கள். மறைக்க வேண்டாம். ஆனால் அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம்.

மாயர்களும் இறந்தவர் வாயில் உணவு வைத்தார்கள். அரைத்த மக்காச்சோளத்தையும், பணமாகப் புழங்கிய சில கற்களையும் வாயில் இட்டதாக டியேகோ தெ லாந்தா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதியிருக்கிறார். மறுவாழ்வில் உணவுக்குக் குறை வரக்கூடாது என்பதே அவர் தரும் காரணம். நம் தாழி நெல்லுக்கு இல்லாத எழுதப்பட்ட காரணம் இங்கே கிடைக்கிறது. ஆனால் அதை எழுதியவர் யார் என்றும் பார்க்க வேண்டும். 1562ஆம் ஆண்டு மானி என்ற ஊரில் மாயர்களின் ஏடுகளைத் தீயிட்டவரும் அவரே. மாயர் தம் கையால் எழுதிய ஏடுகளில் இன்று எஞ்சியிருப்பவை நான்குதான். சான்றை எழுதியவரே சான்றை எரித்தவராகவும் இருக்கும்போது, அவர் எழுத்தை எப்படிப் படிப்பது? பத்தாம் வகுப்பு மாணவர்கள் விவாதிக்கத்தக்க கேள்வி.

மாயர்களுக்கு மக்காச்சோளம் வெறும் தானியம் அல்ல. தெய்வங்கள் மக்காச்சோள மாவைக் கொண்டே மனிதர்களைப் படைத்தன என்கிறது அவர்களுடைய 'போபோல் வூ' என்ற நூல். பலென்கே நகரத்தை ஆண்ட பக்கால் 683இல் இறந்தார். கோயிலுக்கு அடியில் இருந்த அவரது கல்லறையை 1952இல் அல்பெர்தோ ரூஸ் திறந்தார். முகத்தில் பச்சைக்கல் முகமூடி இருந்தது. கல்லறையிலிருந்து மேலே கோயில் தளம்வரை படிக்கட்டை ஒட்டி ஒரு குழாய் அமைத்திருந்தார்கள். இறந்தவரோடு தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க வைத்த வழி என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொடுமணலின் கற்பதுக்கைகளிலும் பலகைக் கல்லில் வட்டமாக ஓர் இடுதுளை உண்டு. அதற்கும் உயிர் வந்துபோகும் வழி என்று ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. அதை இரண்டாவது கட்டத்தில்தான் எழுத வேண்டும்.

ஒற்றுமை தெரிந்ததும் ஓர் ஆபத்தும் வரும். "மயன்தான் மாயன், மாயர்கள் தமிழர்களே" என்ற காணொளி உடனே வந்து நிற்கும். பக்காலின் கல்லறை மூடியில் உள்ள சிற்பத்தை விண்வெளி வீரன் என்று சொல்லும் காணொளியும் வரும். பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே போக்குவரத்து இருந்திருந்தால், மாயர்கள் தெய்வமாகவே கருதிய மக்காச்சோளம் ஏன் அப்போதே நம் வயலுக்கு வரவில்லை? அது அமெரிக்காவுக்கு வெளியே பரவியது கொலம்பஸின் 1492 பயணத்துக்குப் பிறகுதான். தொடர்பே இல்லாத இரண்டு மக்கள், இறந்தவரைப் பசியோடு அனுப்ப மனம் வராமல் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். உறவு கொண்டாடுவதைவிட இது பெரிய செய்தி இல்லையா?

இப்போது பலிக்கு வருவோம். யாக்ஸ்சிலான் நகரத்து விட்டக்கல் ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. 709ஆம் ஆண்டு நடந்த சடங்கைக் காட்டுகிறது. அரசி தன் நாவில் முள் கோத்த கயிற்றை இழுத்து இரத்தம் சிந்துகிறாள். அரசன் தீப்பந்தம் ஏந்தி நிற்கிறான். பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அப்போது மாமல்லபுரத்துத் திரௌபதி ரதத்தின் படத்தையும் காட்டுங்கள். கொற்றவை முன் மண்டியிட்டு, தன் தலையைத் தானே அரியத் துணிந்த ஒருவனின் சிற்பம் அங்கே உண்டு. நவகண்டம் என்கிறோம். அதை வீரம் என்றும் இதைக் காட்டுமிராண்டித்தனம் என்றும் இரண்டு தராசு வைத்துக்கொள்ள முடியாது. மாயர்கள் மறைந்துபோன இனம் என்றும் சொல்லிவிடாதீர்கள். மாய மொழிகளைப் பேசும் லட்சக்கணக்கான மக்கள் இன்றும் வாழ்கிறார்கள்.

பகுத்தறிவு எங்கே?

"எல்லாவற்றையும் புரிந்துகொள் என்றால், தவறு என்று எதைத்தான் சொல்வது?" என்று நீங்கள் கேட்கலாம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியலமைப்பின் 51ஏ பிரிவு சொல்லும் கடமை. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தனக்கும் தாழியில் இடம் கேட்ட பெண்ணின் துயரத்தை மாணவர்கள் உணரட்டும். பிறகு கேளுங்கள்: கணவன் இறந்தபின் அவள் உயிரோடிருக்க அந்தச் சமூகம் என்ன இடம் கொடுத்தது? சதிக்கற்களைக் காட்டும்போது, 1829இல் உடன்கட்டை தடை செய்யப்பட்டதையும் சொல்லுங்கள். மனிதரை வதைக்கும் சடங்கு நம்முடையதானாலும் பிறருடையதானாலும் தவறு என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். என்ன நடந்தது என்று முழுதாக அறிந்த பிறகு, ஒரே தராசில் நிறுத்துச் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள். வீட்டுச் சடங்குகளைக் கேட்டுவரச் சொல்லும்போது கட்டாயப்படுத்தாதீர்கள். சாதி, மதம் தெரியும்படி பட்டியல் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். அண்மையில் வீட்டில் இறப்பு நேர்ந்த பிள்ளையை முதலில் தனியாக அழைத்துப் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டும் வகுப்பில் பேசட்டும். வயலிலோ ஏரிக்கரையிலோ பழைய பானை ஓடோ கல்வட்டமோ கண்டால் தோண்டக் கூடாது என்று சொல்லித்தாருங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவிப்பதே முறை. மண் கலைந்துவிட்டால் நம் முதல் கட்டமே அழிந்துவிடும். வாய்ப்புள்ளவர்கள் திருத்தணியில் ரயிலேறிப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் கண்ணால் பார்க்கலாம்.

இந்தப் பருவத்தில் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கரும்பலகையில் மூன்று கட்டங்கள், ஒரு தாழியின் படம். அவ்வளவு போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, மூன்றாவது கட்டத்தில் உங்கள் பிள்ளைகள் எழுதிய கேள்விகளைக் கொண்டுவாருங்கள். அவற்றை வைத்து நாம் மேலே பேசலாம்.